குயின்சி ஜோன்ஸின் ஐந்து இசைத்தட்டுகள்: காசு கொடுத்து வாங்கலாமா?

மூன்று மாதங்களில் குயின்சி ஜோன்ஸின் ஐந்து இசைத்தட்டுகள் வாங்கியிருக்கிறேன். இரண்டு சினிமாப் பின்னணி இசை, ஒன்று ஜாஸ், ஒன்று அவர் பெயரில் வந்த பாப் ஆல்பம், ஐந்தாவது அவர் தயாரித்த, மைக்கேல் ஜாக்சன் பாடிய 'திரில்லர்'. மொத்தம் 14,100 ரூபாய். அந்தக் காசுக்கு எது தேறும், எதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 'வாக்கிங் இன் ஸ்பேஸ்' வாங்குங்கள். இரண்டு என்றால் 'இன் கோல்ட் பிளட்' சேர்த்துக்கொள்ளுங்கள். 'திரில்லர்' எங்கேயும் கிடைக்கும், அவசரம் இல்லை. ஆனால் அதைக் கேட்பதென்றால் ஒரு முறையாவது தட்டில் கேட்க வேண்டும், அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

ஐந்தும் ஏன் ஒரே ஆளுடையது? குயின்சி ஜோன்ஸ் என்ற பெயர் எனக்கு மைக்கேல் ஜாக்சன் கேசட்டின் உறையில்தான் அறிமுகம். புரொடியூசர் என்று போட்டிருந்தது. நம் ஊரில் புரொடியூசர் என்றால் படத்துக்குப் பணம் போடுபவர். அங்கே இசைத்தட்டுக்குத் தயாரிப்பாளர் என்பது வேறு வேலை. எந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்கும், எந்த டிரம்மர், எந்த ஸ்டூடியோ, எந்த டேக் நிற்கும், எதைத் தூக்கிப்போட வேண்டும், பாடகர் சோர்ந்தால் எப்போது வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் அவர்தான். அவர் பாட்டு எழுதியிருக்க வேண்டியதில்லை, ஒரு வாத்தியம்கூட வாசித்திருக்க வேண்டியதில்லை. குயின்சி ட்ரம்பெட் வாசித்தவர், அரேஞ்சர் (எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுபவர்), கண்டக்டர், இசையமைப்பாளர், அதற்கப்புறம்தான் தயாரிப்பாளர். ஜாக்சனோடு வேலை செய்வதற்கு முன்னால் பத்து ஆண்டுக்கு மேல் ஹாலிவுட்டில் சினிமாவுக்கும் டிவிக்கும் ரீ-ரெக்கார்டிங் செய்திருக்கிறார்.

இந்த இரண்டு வேலையையும் இரண்டு தனித்தனி மனிதர்கள் செய்ததுபோலத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரீ-ரெக்கார்டிங் செய்பவருக்கு முதல் பாடமே, திரையில் ஒருவர் பேசும்போது இசை ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது. ஒதுங்கினாலும் செத்துப்போகக் கூடாது, அடியில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குயின்சிக்கு அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் பேஸ், அதாவது கீழ்ச்சுரங்களை வாசிக்கும் தடித்த தந்தி வாத்தியம். இந்த ஐந்து தட்டையும் பேஸ் வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ஒரே கை தெரியும்.

சரி, தட்டுக்கு வருவோம்.

'மெக்கன்னாஸ் கோல்டு', 1969. பழைய தட்டு, 2,200 ரூபாய். இதை வாங்கியதற்குக் காரணம் என் அப்பா. அவர் வயதுக்காரர்களிடம் ஓர் இங்கிலீஷ் படம் சொல்லுங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் பெரிதாக எடுபடாத படம் இந்தியாவில் வந்து வந்து ஓடியது, தமிழ்நாட்டிலும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்பா திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது மூன்று முறை பார்த்தவர். கிரிகரி பெக், ஓமர் ஷெரீப், தங்கப் பள்ளத்தாக்கு, விடியற்காலையில் பாறைத் தூணின் நிழல் நீண்டுகொண்டே போய் வழிகாட்டும் காட்சி, கடைசியில் மலை இடிந்து விழுவது, எல்லாம் சொல்வார். இசை யார் என்று கேட்டால் தெரியாது. அந்தத் தலைமுறைக்கு முழுக்கக் குயின்சி ஜோன்ஸ் அப்படித்தான் காதில் விழுந்திருக்கிறார், பெயர் தெரியாமல். தயாரிப்பாளர்களில் ஒருவர் டிமித்ரி டியோம்கின். அவரே ஹாலிவுட்டின் பெரிய இசையமைப்பாளர், வெஸ்டர்ன் படங்களுக்குப் பேர்போனவர். தன் படத்துக்குத் தானே இசையமைத்துக்கொள்ளாமல் முப்பதுகளின் நடுவில் இருந்த ஒரு கறுப்பின ஜாஸ்காரரிடம் அந்த வேலை போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

தட்டைப் போட்டவுடன் ஹோசே ஃபெலிசியானோ பாடும் கழுகுப் பாட்டு. கிதாரும் குரலும் தூக்கிக்கொண்டு போகின்றன. பிணத்துக்காக வட்டமிடும் கழுகுக்கு இவ்வளவு இளகிய மெட்டு போட வேண்டும் என்று எப்படித் தோன்றியதோ. படத்தில் குதிரைக் குளம்புக்கும் வசனத்துக்கும் அடியில் கிடந்த இசை இங்கே தனியாக வருவதால், பெரிய ஆர்கெஸ்ட்ராவை எங்கெல்லாம் அடக்கி வைத்திருக்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: தட்டாக இது சமமாக இல்லை. முதல் பாட்டின் மெட்டே வேறு வேறு உடை போட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாம் பக்கத்தில் நடுவில் எனக்குக் கவனம் சிதறியது. நான் வாங்கிய தட்டில் முதல் பக்கத்தின் ஆரம்பத்தில் கீறல், சுற்றுக்கு ஒருமுறை டக் டக் என்று ஒரு நிமிடம் கேட்கும். விற்ற அண்ணன் மறைக்கவில்லை, போட்டுக் காட்டித்தான் கொடுத்தார், அதற்காகவே 300 ரூபாய் குறைத்தார். படத்தின் மேல் பாசம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்பா முதல் பாட்டை நான்கு தடவை போடச் சொன்னார்.

'இன் கோல்ட் பிளட்', 1967. இதுவும் பழையது, 3,800 ரூபாய், ஐந்திலும் விலை அதிகம். கொடுத்ததில் வருத்தமே இல்லை. கான்சாஸில் ஒரு குடும்பத்தையே இரண்டு பேர் கொன்ற உண்மைச் சம்பவத்தை ட்ரூமன் கபோட்டி எழுதினார், அதை ரிச்சர்ட் புரூக்ஸ் கறுப்பு வெள்ளையில் படமாக எடுத்தார். குயின்சி என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கொலைகாரர்களுக்கும் இரண்டு டபுள் பேஸ் வைத்தார். ரே பிரவுன் ஒன்று, ஆண்டி சிம்ப்கின்ஸ் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று நோட்டம் விடுவதுபோல முனகிக்கொண்டே இருக்கும். மேலே வயலின்கள் கதறவில்லை, பயமுறுத்தும் சத்தங்கள் அதிகம் இல்லை. கார் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேர் எதையோ பேசிக்கொண்டு வருகிறார்கள், நமக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், அவ்வளவுதான் அந்த இசை. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். பாதியில் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு மீதியைக் கேட்டேன்.

இந்தப் படத்துக்கு லெனார்ட் பெர்ன்ஸ்டைனைத்தான் ஸ்டூடியோ விரும்பியது என்றும், புரூக்ஸ் பிடிவாதமாக நின்று குயின்சியை வைத்துக்கொண்டார் என்றும் குயின்சியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெள்ளையர்கள் மட்டுமே வரும் படத்துக்கு ஏன் ஒரு கறுப்பினத்தவர் இசை என்று கேட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் பின்னணி இசைக்குக் கறுப்பின இசையமைப்பாளர்களைக் கூப்பிடுவதே அபூர்வம். கூப்பிட்டாலும் ஜாஸ் கிளப் காட்சி, தெருச் சண்டை என்று எதிர்பார்ப்பார்கள். அதற்காகவே அவர் பாரிஸில் நாடியா பூலான்ஜே என்ற புகழ்பெற்ற இசை ஆசிரியையிடம் போய் முறைப்படி படித்தார், 1957-இல். வயலின்களுக்கு எழுத அமெரிக்காவில் தன்னைப் போன்றவர்களை விடமாட்டார்கள், பிரான்ஸில் விட்டார்கள் என்று அவர் பல முறை சொன்னதுண்டு. அந்தப் படிப்பு இந்தத் தட்டில் இருக்கிறது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட இசை இது. அதே ஆண்டு வேறொரு படத்தின் பாட்டுக்கும் பரிந்துரை, அந்தப் பாடல் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்க இசையமைப்பாளரே அவர்தான். அதே 1967-இல்தான் 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' படமும். அதில் தலைப்புப் பாட்டைப் பாடியவர் ரே சார்ல்ஸ், சியாட்டிலில் பையன்களாக இருந்தபோதே பழக்கமான சிநேகிதர். ஒரே ஆண்டில் இத்தனையும்.

தட்டின் தரம்: மேல்பரப்பு சுத்தம், உறையின் முதுகு மட்டும் பிய்ந்திருந்தது. அமைதியான இசை என்பதால் தூசி இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும்போது இரண்டு பேஸும் தனியாக வரும் இடத்தைக் கடைக்காரரிடம் போடச் சொல்லிக் கேளுங்கள். அங்கே சடசடப்பு இல்லை என்றால் மற்ற இடங்களில் பயப்பட வேண்டியதில்லை.

அவருக்கு இந்தக் காதும் கையும் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் அடுத்த தட்டில் ஏன் அத்தனை பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது புரியும். பிறந்தது 1933-இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில். அப்பா தச்சர். அம்மாவை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனதைச் சிறு பையனாகப் பார்த்தவர். பிறகு குடும்பம் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனது. பதினோரு வயதில், தின்பண்டம் திருட நண்பர்களோடு ஒரு பொதுக் கட்டடத்துக்குள் புகுந்தபோது, ஓர் அறையில் பியானோ இருந்தது, அதைத் தொட்டதும் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்பார். பதினெட்டு பத்தொன்பது வயதில் லயனல் ஹாம்ப்டன் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட். 1956-இல் டிஸ்ஸி கில்லெஸ்பி குழுவோடு அமெரிக்க அரசின் சார்பில் வெளிநாட்டுப் பயணம். அப்புறம் சொந்தமாகப் பெரிய குழு வைத்து ஐரோப்பாவில் சுற்றி, அந்தக் குழு வாசித்த இசை நாடகம் நின்றுபோய், குழுவினரையும் குடும்பங்களையும் ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் 1,45,000 டாலர் கடன் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். இசை ஒன்று, இசை வியாபாரம் இன்னொன்று என்று அப்போதுதான் புரிந்ததாம். அந்தக் கடனுக்குத்தான் மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1964-இல் அங்கே துணைத் தலைவர். வெள்ளையர் நடத்திய பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கறுப்பினத்தவர்கள் அதற்கு முன்னால் கிடையாது என்றே சொல்லலாம்.

அங்கே அவர் தயாரித்த பெரிய வெற்றி ஜாஸ் அல்ல, பதினாறு வயது லெஸ்லி கோர் பாடிய பிறந்தநாள் விருந்து அழுகைப் பாட்டு, 1963. அதே பாட்டை ஃபில் ஸ்பெக்டர் என்ற இன்னொரு தயாரிப்பாளரும் பதிவு செய்யப் போகிறார் என்று தெரிந்ததும் அவசர அவசரமாகத் தட்டு வெட்டி ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பினார். முதலிடத்துக்குப் போனது. மேதைகளோடு வாசித்தவர் இப்படி ஒரு பாட்டைச் செய்யலாமா என்று ஜாஸ்காரர்கள் அப்போதே முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு புரியவே இல்லை. அந்தப் பெண்ணின் குரலை இரட்டையாகப் பதிவு செய்து நடுவில் நிறுத்தியிருக்கும் விதத்தைக் கேளுங்கள், அதே ஒதுங்கல்தான்.

'வாக்கிங் இன் ஸ்பேஸ்', 1969. 2,900 ரூபாய், புது அச்சு. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவானது. கிரீட் டெய்லர் தயாரிப்பு, ஆக இதில் குயின்சி தயாரிப்பாளர் அல்ல, அரேஞ்சர், கண்டக்டர். ஃப்ரெடி ஹப்பர்டு ட்ரம்பெட், ஹூபர்ட் லாஸ் புல்லாங்குழல், ரோலண்ட் கிர்க், பாப் ஜேம்ஸ் கீபோர்டு, கிரேடி டேட் டிரம்ஸ், பேஸில் மீண்டும் அதே ரே பிரவுன். வேலரி சிம்ப்ஸனின் குரல். முதல் பக்கத்தின் பெரும்பகுதி தலைப்புப் பாட்டு ஒன்றே, பன்னிரண்டு நிமிடம். குரல் வந்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும், ஒவ்வொரு வாத்தியக்காரராக எழுந்து பேசுவார்கள், யாருக்கும் அவசரம் இல்லை, பின்னால் கித்தான் விரித்ததுபோலப் பித்தளை வாத்தியங்கள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

இரண்டாம் பக்கம் 'கில்லர் ஜோ'. பென்னி கோல்சன் மெட்டு, ஏற்கெனவே புகழ்பெற்றது. ரே பிரவுன் பேஸை நடக்கவிடுகிறார், வேறு வார்த்தையே எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் நடந்து போவதுபோல இருக்கும். முதல் நிமிடத்தில் அந்த பேஸைச் சுற்றிலும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பதினேழு பேர் உட்காரும் அளவுக்கு ஆர்கெஸ்ட்ரா கையில் இருக்கும்போது, பெரும்பாலோரைச் சும்மா உட்கார வைக்கத் துணிச்சல் வேண்டும். கடவுள் நடந்துபோக அறையில் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று குயின்சி அடிக்கடி சொல்வார். இந்தத் தட்டில் அந்த இடம் காதுக்குத் தெரிகிறது.

நான் வாங்கிய அச்சில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சத்தமில்லாத பரப்பு, நடு ஓட்டை சரியாக நடுவில் இருக்கிறது (இதைச் சொல்லக் காரணம், சில புது அச்சுகளில் ஓட்டை நூலிழை தள்ளிப்போய், நீண்ட சுரங்கள் அலைபாயும்), உள்ளுறை காகிதம் மட்டும் முரடு, தட்டை உரசும். பத்து ரூபாய் பிளாஸ்டிக் உள்ளுறை வாங்கி மாற்றிவிட்டேன்.

'தி டூட்', 1981. 1,600 ரூபாய். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது, இந்த ஐந்தில் எனக்குக் கோபம் வந்தது இதில்தான். மெல்லிய அட்டைப்பெட்டி, உள்ளே தாங்கு அட்டை கிடையாது, சித்திரை வெயிலில் லாரியில் வந்து தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. ஊசி ஏறி இறங்கி ஏறி இறங்கி, முதல் பாட்டு முழுக்க இசை தள்ளாடியது. படம் எடுத்து அனுப்பினேன், நான்கு நாள் பதில் இல்லை, பிறகு பாதிப் பணம் மட்டும் திரும்பக் கொடுத்தார்கள். இரண்டு கனமான கண்ணாடிக்கு நடுவில் மூன்று வாரம் வைத்ததில் கொஞ்சம் நிமிர்ந்தது, இப்போது ஓடுகிறது. கோடையில் தட்டுகளைத் தபாலில் வரவழைக்காதீர்கள். வரவழைத்தே தீர வேண்டும் என்றால், தட்டை உறைக்கு வெளியே எடுத்து இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இசையைப் பொறுத்தவரை இது ஒரு தயாரிப்பாளரின் தட்டு. உறையில் அவர் பெயர் இருக்கிறது, பாடுபவர்கள் வேறு. ஜேம்ஸ் இங்கிரம் அப்போது பாட்டுக்கு 50 டாலர் வாங்கிக்கொண்டு மாதிரிப் பதிவுகளில் பாடிக்கொண்டிருந்தவர். மாதிரியைக் கேட்ட குயின்சி, பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய பாடகரைத் தேடாமல், இந்தக் குரலே வேண்டும் என்று கூப்பிட்டார். அந்தப் பாட்டு 'ஜஸ்ட் ஒன்ஸ்'. அதைக் கேட்டால் இங்கிரம் ஏன் என்பது பத்து விநாடியில் விளங்கிவிடும். இதே தட்டின் 'ஒன் ஹண்ட்ரட் வேஸ்' பாட்டுக்கு அவருக்கு கிராமி கிடைத்தது. பாட்டி ஆஸ்டின் பாடியவையும் நன்றாக இருக்கின்றன. ஹார்மோனிகா வாசிக்கும் டூட்ஸ் தீலமான்ஸ் வரும் 'வேலாஸ்' மனதை லேசாக்கும். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பளபளப்பு கூடுதல், கடைசிப் பாட்டு எனக்கு வெறும் ஆட்டமாகத்தான் பட்டது. பழைய தட்டு 1,000 ரூபாய்க்குள் கிடைத்தால் வாங்கலாம்.

'தி டூட்' கேட்டால் இன்னொன்றும் தெரியும். பாட்டெழுதிய ராட் டெம்பர்ட்டன், கீபோர்டு கிரெக் ஃபிலிங்கேன்ஸ், பேஸ் லூயிஸ் ஜான்சன், ஊதுவாத்தியங்களுக்கு ஜெரி ஹே, ஒலிப்பதிவு புரூஸ் ஸ்வீடியன். அடுத்த ஆண்டு 'திரில்லர்' செய்த அதே கூட்டம். குயின்சி ஒரு ஸ்டூடியோவை அல்ல, ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் ஆட்களைக் கட்டியெழுப்பியிருக்கிறார். 1974-இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இரண்டு அறுவை சிகிச்சை, இனி ட்ரம்பெட் ஊதக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஊதுவது போனது, ஆட்களைச் சேர்ப்பது பெருகியது. 1978-இல் சிட்னி லூமெட் எடுத்த 'தி விஸ்' படத்துக்கு இசைப் பொறுப்பை ஏற்றபோதுதான் மைக்கேல் ஜாக்சனோடு நெருக்கம். அதாவது ஜாக்சன் அவருக்குக் கிடைத்ததே ஒரு சினிமா வேலையில்தான். 1964-இல் 'தி பான்புரோக்கர்' படத்தின் மூலம் குயின்சியை அமெரிக்க சினிமாவுக்குள் கொண்டுவந்தவரும் இதே லூமெட். இவர் ரொம்ப ஜாஸ் ஆள், பாப் செய்யமாட்டார் என்று ஜாக்சனின் நிறுவனம் தயங்கியது. ஜாக்சன் விட்டுக்கொடுக்கவில்லை. 1979-இல் 'ஆஃப் த வால்' வந்த பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது.

'திரில்லர்', 1982. புது அச்சு, 3,600 ரூபாய்.

இதை ஏன் தட்டில் கேட்க வேண்டும் என்றேன் அல்லவா. லாஸ் ஏஞ்சலீஸ் வெஸ்ட்லேக் ஸ்டூடியோவில் பதிவு முடிந்து, வெளியீட்டுத் தேதி கழுத்தை நெருக்கிக்கொண்டிருந்தபோது, சோதனைத் தட்டைப் போட்டுக் கேட்டார்கள். சகிக்கவில்லை. ஜாக்சன் அழுதுவிட்டார். காரணம் பாட்டோ பாடியதோ அல்ல, நீளம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஊசி ஓடும் கோடு ஒன்றேதான், வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகும். பேஸ் சத்தத்துக்கு அந்தக் கோடு அகலமாக வளைய வேண்டும். ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறி நிமிடங்களை அடைத்தால் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், வளைய இடம் இருக்காது, அப்போது சத்தத்தையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். தடித்த சத்தம் வேண்டும் என்றால் தடித்த கோடு வேண்டும், அவ்வளவுதான். ஆக என்ன செய்தார்கள்? பாட்டுகளின் நீளத்தைக் குறைத்தார்கள். கடைசிப் பாட்டில் ஒரு சரணம் போனது. ஒரு நாளுக்கு ஒரு பாட்டு என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்தார்கள். நாம் இன்று போனில் கேட்கும் பாட்டுகளின் நீளத்தைக்கூட அந்த 12 அங்குல வட்டம்தான் தீர்மானித்தது.

இரண்டாம் பக்கம் இரண்டாவது பாட்டு, 'பில்லி ஜீன்'. டிரம்ஸ் மட்டும் முதலில், பிறகு லூயிஸ் ஜான்சனின் பேஸ், பிறகு மெல்லிய கீபோர்டு, குரல் வர அரை நிமிடம் ஆகும். குயின்சி இந்த முன்னிசை ரொம்ப நீளம் என்று வெட்டச் சொன்னார். இதைக் கேட்டால்தான் எனக்கு ஆட வருகிறது என்று ஜாக்சன் மறுத்துவிட்டார், குயின்சி விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தில் ஜாக்சன் சொன்னதுதான் சரி, கேட்கும் யாருக்கும் தெரியும். ஆனால் தான் வேண்டாம் என்ற ஒன்றைப் பாடகர் வேண்டும் என்றதும் விட்டுவைத்ததும் தயாரிப்பாளரின் வேலைதான் என்று நினைக்கிறேன். ஸ்வீடியன் இந்த ஒரு பாட்டை 91 முறை மிக்ஸ் செய்தார், கடைசியில் வைத்துக்கொண்டது இரண்டாவது மிக்ஸ். அதையும் சொன்னவர் குயின்சி, திரும்பிப் போய் இரண்டாவதைப் போடு என்று.

தலைப்புப் பாட்டின் கடைசியில் வின்சென்ட் பிரைஸ் பேசுகிறாரே, அது பேய்ப்பட நடிகர் ஒருவரைக் கூப்பிட்டு வசனம் பேசவைத்து, அதற்கடியில் இசை போட்டது. அந்த வரிகளின் பெரும்பகுதியை ராட் டெம்பர்ட்டன் ஸ்டூடியோவுக்கு டாக்ஸியில் வரும்போது எழுதினார். கதவு கிரீச்சிடுகிறது, காலடி கேட்கிறது, ஓநாய் ஊளையிடுகிறது, ஆள் பேசுகிறார், இசை ஒதுங்கி அடியில் பேஸ் ஓடுகிறது. இதைத்தான் 'இன் கோல்ட் பிளட்' முடித்த கையோடு கேட்டுப் பாருங்கள் என்கிறேன். பதினைந்து ஆண்டு இடைவெளி காணாமல் போய்விடும். இது ஆல்பம் அல்ல, படம் இல்லாத ரீ-ரெக்கார்டிங்.

அச்சு நன்றாக இருக்கிறது, விலைதான் அதிகம். போனில் கேட்பதைவிட பேஸ் உருண்டையாக, டிரம்ஸ் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கிறது. இரண்டு பக்கமும் 20 நிமிடத்தைத் தாண்டுவதால் கடைசிப் பாட்டுகளில் 'ஸ்' சத்தம் கொஞ்சம் கரகரக்கும். தட்டின் உள்வட்டத்தில் கோடு சிறிதாகி, அதே நேரத்தில் ஊசி குறைவான தூரமே போகிறது, எல்லாத் தட்டிலும் உள்ளதுதான். உங்கள் ஊசி தேய்ந்திருந்தால் இங்கே மிக மோசமாகக் கேட்கும், தட்டின் மேல் பழி போடாதீர்கள். பழைய அச்சு கிடைத்தால் அதைப் பாருங்கள், ஆனால் 'திரில்லர்' பழைய தட்டுகள் எல்லாமே கல்யாண வீட்டுக்கும் காலேஜ் ஹாஸ்டலுக்கும் போய் வந்தவை, 'பில்லி ஜீன்' இருக்கும் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சாம்பல் பூத்திருந்தால் வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: என் டர்ன்டேபிள் சாதாரணமானதுதான், பெல்ட்டில் ஓடுவது. பழைய தட்டு வாங்கினால் கேட்பதற்கு முன் கழுவுங்கள், டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும், நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. நிறுத்தி அடுக்குங்கள், படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் வளையும். ஐப்பசி கார்த்திகையில் உறையில் பூஞ்சை வரும், அலமாரியை அவ்வப்போது திறந்து வையுங்கள்.

குயின்சி ஜோன்ஸ் 2024 நவம்பர் 3 அன்று தன் 91-ஆம் வயதில் காலமானார். 28 கிராமி, ஃபிராங்க் சினாட்ராவின் நிலாப் பாட்டு, 1985-இல் ஒரே இரவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடகர்களை ஒரே அறையில் நிறுத்தி எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடவைத்தது, அதே ஆண்டு 'தி கலர் பர்ப்பிள்' படத்துக்கு இசையும் இணைத்தயாரிப்பும் என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதற்கெல்லாம் தட்டு வாங்கிக் கேட்ட பிறகு எழுதுகிறேன். எனக்கு 'மெக்கன்னாஸ் கோல்டு' கொடுத்த அண்ணனிடம் இப்போது 'தி பான்புரோக்கர்' ஒன்று வந்திருக்கிறது. உறை கிழிந்திருக்கிறது, தட்டு சுத்தம், 3,000 ரூபாய் சொல்கிறார். அடுத்த மாதச் சம்பளம் வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.